வேந்தன் இருக்கையும் தரை டிக்கெட்டும்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலை, முத்தையாபுரத்தைத் தாண்டியதும் உப்பளங்களுக்கு நடுவே நெடுந்தொலைவு ஓடி, பழையகாயலையும் முக்காணியையும் தொட்டுத் தாமிரபரணியைக் கடக்கிறது. முத்துக்கும் உப்புக்கும் பெயர்பெற்ற இந்தக் கரையை நாடகத்தின் வரலாற்றோடு சேர்த்து எண்ணுவோர் குறைவு. ஆயினும், அரசன் பார்த்த ஆட்டத்துக்கும் ஊரார் பார்த்த கூத்துக்கும் இடையே இருந்த உறவைத் தமிழ்நாட்டில் தேடிச் செல்பவருக்கு, அரை நாள் பயணத் தொலைவுக்குள் கொற்கை, பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம், சங்கரதாஸ் சுவாமிகள் பிறந்த காட்டுநாயக்கன்பட்டி ஆகிய நான்கையும் ஒருசேரத் தரக்கூடிய வேறொரு வட்டாரம் எளிதில் கிடைக்காது.

கொற்கை இன்று கடலைக் காணாத ஊர். தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் படிந்து படிந்து கடல் சில கிலோமீட்டர் பின்வாங்கிவிட, பாண்டியரின் முத்துத் துறைமுகமாயிருந்த இடத்தில் இப்போது வயலும் வாழைத்தோட்டமும், பழைய குளமொன்றும், முதிர்ந்து வளைந்த வன்னிமரமும், வெற்றிவேல் நங்கை அம்மன் கோயிலும் இருக்கின்றன. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1968-69-இல் இங்கே அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டு கி.மு. 785 என்னும் காலக்கணிப்பைத் தந்தது. சிலப்பதிகாரத்தின்படி, மதுரையில் நெடுஞ்செழியன் உயிர்விட்டபின் அரசேற்ற வெற்றிவேற் செழியன் இந்தக் கொற்கையிலிருந்தவனே. கோவலன் கதையின் கடைசி அரசியல் முடிச்சு இங்கே விழுவதால், நாடகம் தேடி வருபவர் முதலில் நிற்க வேண்டிய இடமும் இதுவே ஆகிறது.

அந்தக் காப்பியமே ஆடலை இரண்டாக வகுத்துப் பேசுகிறது. வேந்தன் அவைக்கு உரியது வேத்தியல் என்றும், எல்லாருக்கும் பொதுவானது பொதுவியல் என்றும் உரையாசிரியர்கள் விளக்குவர். மாதவியின் அரங்கேற்றம் முதல் வகையைச் சேர்ந்தது. அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என்று அளவு குறிக்கப்படுகிறது. கோல் என்பது இருபத்துநான்கு பெருவிரல் அளவுடைய அளவுகோல். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூன்று திரைகள் தொங்கின. ஒரு பக்கத்திலிருந்து இழுக்கப்படுவதும், இருபுறமிருந்தும் வந்து நடுவில் கூடுவதும், மேலிருந்து இறங்குவதுமாக அவை இயங்கின. பகையரசனிடமிருந்து கைப்பற்றிய வெண்கொற்றக் குடையின் காம்பால் செய்த தலைக்கோல் அரங்கில் வைக்கப்பட்டது. ஆடி முடித்தவளுக்குச் சோழன் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் பெறுமான மாலையும் தலைக்கோலி என்னும் பட்டமும் அளித்தான். ஆட்டத்தைப் பார்க்க வந்த அரசன் தன் வெற்றிச் சின்னத்தையே மேடையில் நிறுத்தி வைத்திருக்கிறான் என்பது கவனிக்கத்தக்கது, ஏனெனில் வேத்தியலில் அரசன் வெறும் பார்வையாளன் அல்லன், அவனும் காட்சியின் ஒரு பகுதி.

இதே உண்மையை ஆங்கில நாடகம் தன் தொடக்க காலத்தில் சற்று வேடிக்கையாகக் கற்றுக்கொண்டது. 1605-இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது, இனிகோ ஜோன்ஸ் என்னும் அரங்கக் கலைஞர், தொலைவும் ஆழமும் தோன்றும்படி தீட்டிய திரைகளை அமைத்து, அந்தத் தோற்றம் எந்த இடத்திலிருந்து பிழையின்றித் தெரியுமோ அந்த இடத்தில் மன்னரின் நாற்காலியைப் போடச் செய்தார். முன்கூட்டிப் பார்க்க வந்த பிரபுக்களுக்கு அது பிடிக்கவில்லை. மன்னர் நாடகத்தை நன்றாகப் பார்ப்பார் என்பது சரி, ஆனால் அவையோர் மன்னரின் கன்னத்தை மட்டுமே பார்க்க முடியும் என்று அவர்கள் வாதாடி, நாற்காலியை மண்டபத்தின் நடுப்பகுதிக்கு நகர்த்த வைத்தார்கள். விளைவாக மன்னர் எல்லாருக்கும் தெரிந்தார். நடிகர்கள் பேசியதில் பெரும்பகுதி மன்னருக்குக் கேட்கவில்லை.

லண்டன் நகரத்து ஏற்பாடு இதற்கு நேர்மாறாக இருந்தது. 1599-இல் எழுந்த குளோப் அரங்கில் ஒரு பென்னி கொடுத்தவர் திறந்த முற்றத்தில் நின்றும், கூடுதலாகக் கொடுத்தவர் மாடத்தில் அமர்ந்தும் பார்த்தனர். எலிசபெத் அரசி அங்கெல்லாம் செல்வதில்லை. குழுவே அரண்மனைக்கு அழைக்கப்பட்டது. ஒழுக்கக்கேடு, கொள்ளைநோய் என்று காரணம் காட்டி நகராட்சி நாடகங்களைத் தடுக்க முனைந்தபோதெல்லாம், அரசியின் முன் நன்றாக நடிக்க வேண்டுமானால் நடிகர்கள் பொதுமக்கள்முன் பழக வேண்டாமா என்று அரசவையார் கேட்டனர். அதாவது, சட்டத்தின் கண்ணுக்கு ஒரு பென்னி கொடுத்த ஆயிரம் பேர் பார்த்தது வெறும் ஒத்திகைதான்! ஷேக்ஸ்பியரின் ‘சிம்பலின்’ இந்த இரட்டை வாழ்வுக்கு நல்ல சான்று. சைமன் ஃபோர்மன் என்னும் சோதிட மருத்துவர் 1611-ஆம் ஆண்டளவில் அதைப் பார்த்துக் கதைச் சுருக்கம் எழுதி வைத்தார்; 1634 புத்தாண்டு நாளில் அதே நாடகம் முதலாம் சார்லஸ் மன்னர்முன் நடிக்கப்பட்டு அவருக்கும் பிடித்திருந்தது. இந்த நாடகத்தைத் தூத்துக்குடிப் பக்கம் பிறந்த ஒருவரோடு சேர்த்துப் பின்னர் மறுபடியும் காண நேரும்.

கொற்கையிலிருந்து ஆற்றோடு கீழே சென்றால், தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் புன்னைக்காயல். 1530-களில் கத்தோலிக்கம் தழுவிய பரதவர்களுக்காக என்றீக்கே என்றீக்கஸ் அடிகளார் தமிழில் எழுதிய புனிதர் வரலாற்று நூல் 1586-இல் இங்கே அச்சாயிற்று. இவ்வகைப் புனிதர் கதைகள் கடற்கரைக் கத்தோலிக்கரிடையே பாட்டாகவும் நாடகமாகவும் விரிந்தன. மன்னார்க் கடலின் மறுகரையில் அவை வாசாப்பு என்னும் நாட்டுக்கூத்து வகையாகச் செழித்தன. மன்னாரில் 1960-களில் பதிப்பிக்கப்பட்ட இரண்டு கூத்துநூல்களின் பெயர்கள் ‘என்றிக் எம்பரதோர் நாடகம்’, ‘மூவிராசாக்கள் நாடகம்’. முன்னதன் தலைவன் ஒரு பேரரசன். பின்னதில் குழந்தை இயேசுவைக் காணவரும் மூன்று அரசர்கள். வலை இழுத்தவர்களும் சங்கு குளித்தவர்களும் இரவெல்லாம் விழித்திருந்து பார்த்த கூத்துகள் முடிசூடியவர்களைப் பற்றியவையாக இருந்தது தற்செயல் அன்று.

தூத்துக்குடி நகரிலேயே முடியில்லா அரசர் ஒருவர் இருந்தார். பரதவர் சாதித் தலைவருக்குப் பாண்டியபதி என்பது பட்டம். மதுரை நாயக்கரும் போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் கும்பினியாரும் மாறி மாறி வந்து முத்துக்குளிப்பில் பங்கு கேட்டபோதெல்லாம், படகுகளையும் குளியாளிகளையும் திரட்டித் தருவதற்கு அவரை நாட வேண்டியிருந்தது. மக்கள் தேர்மாறன் என்று வழங்கும் பாண்டியபதி தொன் கபிரியேல் தெ குருஸ் கோமஸ் 1806-இல் பனிமய மாதாவுக்குத் தங்கத்தேர் செய்தளித்தார். 53 அடி உயரம் என்று சொல்லப்படும் அந்தத் தேர் இப்போதும் சில ஆண்டுகளுக்கொருமுறை, ஆகஸ்டு 5-ஆம் நாள் திருவிழாவில் வீதிக்கு வருகிறது. ஊரார் தஸ்நேவிஸ் மாதா என்று அழைக்கும் அன்னை மேலே அரசியாக வீற்றிருக்க, வடம் பிடிப்போரின் தோள்கள் கீழே நெருக்கியடிக்கின்றன.

இந்தத் திருவிழாவில் சாதித் தலைவருக்கு முதல் மரியாதை உண்டு என்பது அவருடைய ஆட்சிக்கு அடையாளம். அவர் வேறெங்கும் அரியணையில் அமர்ந்ததில்லை. ஆகவேதான் 19-ஆம் நூற்றாண்டில் மேசைக்காரர் எனப்பட்ட வசதியுள்ள பரதவ வணிகர்களுக்கும் கம்மாரக்காரர் எனப்பட்ட கடல்தொழில் செய்தவர்களுக்கும் இடையே கோயில் உரிமைகளையும் மரியாதைகளையும் பற்றிக் கடும் பூசல்கள் எழுந்தன. யார் எங்கே நிற்பது என்பதற்காக ஊர் இரண்டுபட்டதை வெளியூரார் அற்பமாக எண்ணக்கூடும். ஆக்ஸ்போர்டில் ஒரு நாற்காலியை நகர்த்தப் பிரபுக்கள் பட்ட பாட்டை அறிந்தவர் அப்படி எண்ணமாட்டார். ஆங்கில வழக்கத்தில் அரண்மனையும் பொது அரங்கும் தனித்தனி. இங்கே அரசனும் மக்களும் ஒரே தெருவில் ஒரே காட்சியைப் பார்த்தார்கள். அதனால் வேறுபாட்டைக் காட்டச் சுவருக்குப் பதிலாக மரியாதை வரிசை தேவைப்பட்டது.

உண்மையான அரச பார்வையாளர் ஒருவரும் இந்தக் கரையில் இறங்கியதுண்டு. பின்னர் ஏழாம் எட்வர்டு மன்னரான வேல்ஸ் இளவரசர் 1875 டிசம்பரில் கொழும்பிலிருந்து தூத்துக்குடி வந்திறங்கி, புதிய இருப்புப்பாதை வழியே மதுரை நோக்கிப் போனார். வழியில் மணியாச்சியில் கால்டுவெல், சார்ஜென்ட் ஆகிய பாதிரிமார் திருநெல்வேலிக் கிறித்தவர்களைப் பெருந்திரளாகக் கூட்டி வரவேற்பிதழ் அளித்தனர். இன்று ரயில் மாறுவோர் தேநீர் குடிக்கும் அந்தச் சந்திப்பில், அன்று ஒரு நாள் கூட்டம் இளவரசரைப் பார்த்தது, இளவரசர் கூட்டத்தைப் பார்த்தார். இதே சுற்றுப்பயணத்தில் அவர் கல்கத்தாவில் ஒரு வழக்கறிஞர் வீட்டு அந்தப்புரத்துக்குச் சென்றதைக் கேலி செய்து வங்காளிகள் நாடகம் போட, அரசு 1876 பிப்ரவரியில் அவசரச் சட்டமும் ஆண்டு முடிவதற்குள் நாடக நிகழ்ச்சிகள் சட்டமும் கொண்டுவந்தது. எலிசபெத் அரசியின் காலத்தில் நாடகங்களை முன்கூட்டிப் படித்து அனுமதி வழங்க அரண்மனை அதிகாரி ஒருவர் இருந்தார். இந்தியாவில் அந்த வேலை மாவட்ட ஆட்சியரிடமும் போலீசிடமும் வந்து சேர்ந்தது. அரசர் அரங்குக்கு வராவிட்டாலும், இந்தச் சட்டத்தின் வழியாக ஒவ்வொரு கொட்டகையிலும் அவருக்கு ஓர் இருக்கை போடப்பட்டுவிட்டது.

அந்தச் சட்டம் வந்தபோது சங்கரதாசுக்கு ஒன்பது வயது. 1867-இல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில், இராமாயணப் புலமைக்குப் பெயர்பெற்ற தாமோதரக் கணக்கப்பிள்ளையின் மகனாகப் பிறந்த அவர், பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்று, தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலையொன்றில் கணக்கு எழுதினார். உப்பளம் என்பது வாயில்லாத தொழிலிடம் அன்று. பாத்தி மிதிப்பவரும், வாரிப்பலகையால் உப்பை வரப்பில் ஒதுக்குபவரும், பெட்டி சுமந்து அம்பாரத்தில் கொட்டும் பெண்களும் விடியுமுன் வேலைக்கு வந்து, வெயில் ஏறி உப்பின் வெண்மை கண்ணைக் கூசவைக்கும் வேளையில் கரையேறுவர். அவர்களுடைய பேச்சும் பாட்டும் கணக்குமேசைக்குக் கேட்டுக்கொண்டேயிருக்கும். 24-ஆம் வயதில் அந்த மேசையை விட்டு அவர் நாடகத்துக்குப் போனார். இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் ஆகிய அச்சுறுத்தும் வேடங்களில் பெயர்பெற்று, பின்னர் நடிப்பை விட்டு ஆசிரியராகி, 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை என்னும் சிறுவர் குழுவை அமைத்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே அவரிடம் பயின்றவர்கள். 1922-இல் புதுச்சேரியில் மறைந்தார்.

அவர் மேடையேறிய 1891-ஆம் ஆண்டிலேயே சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வழக்கறிஞர்களும் அலுவலர்களும் மாலை வேளையில் நடித்த அந்தச் சபைக்கும், ஊர் ஊராகக் கொட்டகை போட்டுப் பிழைத்த சங்கரதாசின் குழுக்களுக்கும் நடுவே இருந்த தொலைவு, அரண்மனைக்கும் குளோப் முற்றத்துக்கும் இடையே இருந்ததைவிடக் குறைவு என்று சொல்ல முடியாது. ஆனால் இருவரும் எடுத்தாண்ட ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்று உண்டு, அது ‘சிம்பலின்’. சம்பந்த முதலியாரின் கையில் அது ‘சிம்மளநாதன்’ ஆயிற்று. சங்கரதாசும் அதைத் தமிழாக்கினார். சோதிட மருத்துவரும் மன்னரும் பார்த்த நாடகம், இங்கேயும் இரண்டு வகைக் கூட்டத்துக்கென்று இரண்டு தமிழில் வந்தது.

கொட்டகைக்குள் அரசன் இல்லை. ஆனால் அரசனுக்கு உரிய வரிசை இருந்தது. மணலில் உட்காருவோருக்குத் தரை டிக்கெட், அதற்குமேல் பெஞ்சு, பிறகு நாற்காலி, எல்லாவற்றுக்கும் முன்னால் சோபா. ஜமீன்தாரோ மிராசுதாரோ வந்தால் அங்கே அமர்வார். எட்டயபுரம் ஜமீன் இசைக்கும் புலமைக்கும் கொடுத்த ஆதரவு ஊரறிந்தது. சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904-இல் அந்த அரண்மனையின் அச்சகத்திலேயே வெளிவந்தது. ஆனால் சங்கரதாசின் குழுவுக்குச் சோறு போட்டது சோபா அன்று, தரை. இந்தக் கணக்கைப் பண்டகசாலையில் கணக்கெழுதிய ஒருவர் அறியாமலிருந்திருக்க மாட்டார்.

இதையொட்டிய மாற்றம்தான் இந்தப் பயணத்தில் காணக்கூடியவற்றில் மிக முக்கியமானது. வேத்தியலில் அரசன் எதிரே அமர்ந்திருந்தான். சங்கரதாசின் மேடையில் அவன் எழுந்து திரைக்கு முன்னே வந்துவிட்டான். தலைமை நடிகருக்கு ராஜபார்ட் என்றே பெயர். அவர் கோவலனாக வந்தாலும், சத்தியவானாக வந்தாலும், வேடனாக மாறிய முருகனாக வந்தாலும் ராஜபார்ட்தான். பெண்வேடத்தின் தலைமை ஸ்திரீபார்ட். பின்னால் தொங்கும் திரைகளில் தெருவும் காடும் இருந்தாலும், தூண்களும் தொங்குவிளக்கும் சிம்மாசனமும் தீட்டிய தர்பார் திரை விழும்போதுதான் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். ‘கோவலன் சரித்திர’த்தில் பாண்டியன் அவையை அந்தத் திரையின்முன் காட்டி, கண்ணகி வழக்குரைக்கும்போது அரசன் தலைகவிழ்வதை மணலில் அமர்ந்தவர் பார்த்தார். ‘அல்லி அர்ஜுனா’விலும் ‘பவளக்கொடி’யிலும் பெண்ணரசிகள் ஆண்டார்கள், அல்லியை முத்துக்கும் பவளக்கொடியைப் பவளத்துக்கும் உரியவர்களாகக் கதைசொல்லும் கரைமக்களுக்கு இவர்கள் அந்நியர் அல்லர். பாரிஸ் நகரத்தார் 1863-இல் பிசேயின் ‘முத்துக் குளிப்போர்’ என்னும் இசைநாடகத்தில், குளியாளிகள் கூடித் தங்களுக்கொரு தலைவனைத் தேர்ந்தெடுக்கும் காட்சியோடு இலங்கைக் கரையைப் பார்த்தார்கள். அதில் வரும் கரையைவிடப் பவளக்கொடியின் கற்பனைத் தீவே இந்தப் பக்கத்து உண்மைக்கு நெருங்கியது என்றால் மிகையாகாது. முத்துக்குளிப்பு 1961-க்குப் பின் இங்கே நடைபெறவில்லை. பவளக்கொடி இன்னும் ஆடப்படுகிறாள்.

அரசன் மேடையேறிய வரலாற்றின் கூர்மையான சான்று பாஞ்சாலங்குறிச்சி. கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அவர் தம்பி ஊமைத்துரை மீண்டும் எழுப்பிய கோட்டையைக் கும்பினியார் 1801-இல் பிடித்துத் தரைமட்டமாக்கினர். 1974-இல் அரசு கட்டிய நினைவுக்கோட்டை இப்போது சுற்றுலாப் பயணிகளை வரவேற்கிறது. அதன் பின்னால் வேலியிட்ட திறந்தவெளியில் பழைய கட்டடத்தின் அடித்தளம் மட்டும் தெரிகிறது, புதிய கோட்டையைவிடப் பார்க்கத் தகுந்தது அதுவே. கோட்டை இல்லாத ஒன்றரை நூற்றாண்டில் கட்டபொம்மன் வாழ்ந்தது கதைப்பாடலிலும் தெருக்கூத்திலும்தான். கம்பளத்தார் கூத்து எனப்பட்ட அந்தக் கட்டபொம்மன் கூத்தைச் சிறுவயதில் பார்த்ததே தன்னை நாடகத்துக்கு இழுத்தது என்று சிவாஜி கணேசன் பதிவு செய்திருக்கிறார். பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்த அவர், சக்தி கிருஷ்ணசாமி எழுதிய ‘வீரபாண்டிய கட்டபொம்ம’னை 1957-இல் தம் நாடகமன்றத்தின் மூலம் மேடையேற்றினார்; 1959-இல் அது திரைப்படமாயிற்று. இன்று நினைவுக்கோட்டைக்கு வரும் குடும்பங்கள் சிலையைப் பார்த்ததும் சொல்லிப் பார்ப்பது ஜாக்சன் துரையிடம் பேசும் அந்த நாடக வசனத்தைத்தான்.

1948-இன் ஜமீன் ஒழிப்புச் சட்டம் சோபாவில் அமர வேண்டியவர்களை இல்லாமலாக்கிவிட்டது. தரை டிக்கெட்டும் கொட்டகையோடு மறைந்தது. எஞ்சியிருப்பது ஸ்பெஷல் நாடகம். நடிகர்கள் ஒரே குழுவாக இல்லாமல், தனித்தனியாக ஒப்பந்தம் செய்யப்பட்டு, ஒத்திகையின்றி அன்றிரவு மேடையில் சந்தித்து, சங்கரதாசின் பிரதியையே பொதுச்சொத்தாகக் கொண்டு விடியவிடிய நடிக்கும் முறை அது. கோடையில் அம்மன் கொடைகளின்போது தென்மாவட்டக் கிராமங்களில் ‘வள்ளி திருமணம்’ வைக்கும் வழக்கம் இன்றும் உண்டு. செலவு ஊர்வரியிலிருந்து வருவதால் டிக்கெட் கிடையாது. பாயும் போர்வையும் கொண்டுவந்து முன்னால் இடம்பிடிப்பவர்கள் சிறுவர்களும் கிழவிகளும். கொடை நடத்தும் பெரியவர்களுக்கு மட்டும் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி.

பழைய கூத்தில் அரசன் வருகையை அறிவித்து, அதே மூச்சில் அவனைக் கிண்டலும் செய்த கட்டியங்காரனின் வேலையை இப்போது பபூன் செய்கிறார். நள்ளிரவுக்குப் பின் ராஜபார்ட் முருகனாக வந்து, வள்ளியோடு சங்கீதத் தர்க்கம் தொடங்கும்போது, பாட்டு பிடித்துப்போன யாராவது ஒருவர், அது உரக்கடைக்காரராகவோ உப்பள மேஸ்திரியாகவோ இருக்கலாம், மேடையோரம் வந்து நோட்டை நீட்டுவார். ஆர்மோனியம் நிற்கும். கிரீடத்தைச் சற்றே சரிசெய்துகொண்டு ராஜபார்ட் ஒலிபெருக்கியில் அவருடைய பெயரையும் தகப்பனார் பெயரையும் அன்பளித்த தொகையையும் சொல்லி, கைகூப்பி நன்றி கூறுவார். பெயர் சரியாகச் சொல்லப்படாவிட்டால் கூட்டத்திலிருந்து திருத்தம் வரும். திருத்திச் சொன்ன பிறகே தர்க்கம் விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கும்.